ஒரு வார்த்தை விடாமல்

ஜனவரி 6, செவ்வாய்

வருஷா வருஷம் கடையில் மிஞ்சுகிற சாம்பிள் டைரியை முதலாளி மாரிக்கனி அண்ணாச்சி இன்றைக்கு என் மேஜையில் போட்டார். "யம்மா பத்ரகாளி, கடைக்கு வர்றவன திட்டுறதுல பாதிய இதுல எழுதிரு. வியாபாரம் பொழைக்கும்" என்றார். அருப்புக்கோட்டையில் இத்தனை டிடிபி கடை இருந்தும், கல்யாணப் பத்திரிகைக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஜனங்கள் இங்கே வந்து நிற்பது என் கை வேகத்துக்காக. அவர் முகத்துக்காக இல்லை. அதையும் சொன்னேன், சிரித்தார்.

சரி, எழுதுகிறேன். பொன்ரேகாவை 'வெற்றிப்படி'யில் சேர்த்தாயிற்று. வீட்டில் இருந்தபடியே குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிற இணைய வகுப்பு. ஜூனில் தேர்வு. என் மகளுக்கு ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போனது. பேச்சு போகவில்லை, புத்தி போகவில்லை. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள், அதுவும் என் உதட்டை என்றால் மனப்பாடம். அவள் அப்பா இருந்தவரை அவளுக்கு இரண்டு வாய் இருந்தது. அவர் போனதிலிருந்து என் வாய் ஒன்றுதான். அதனால்தான் அது கொஞ்சம் பெரியது.

ஒரு அரசாங்க வேலை. அது கிடைத்துவிட்டால் யார் வாயையும் அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஜனவரி 9, வெள்ளி

வகுப்பாம் வகுப்பு. திரை முழுக்கப் பலகை, மூலையில் தபால்தலை அளவுக்கு வாத்தியார் முகம். அந்த முகமும் பாதி நேரம் பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறது. உதடு எங்கே இருக்கிறது, மூக்கு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. கீழே எழுத்து ஓடுகிற வசதியும் இல்லை. ரேகா பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காத குறையாக உட்கார்ந்திருந்தாள். பிறகு மடிக்கணினியை மூடிவிட்டு, "புத்தகத்தையே படிச்சுக்கிறேம்மா" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். ஒற்றை நட்சத்திரம் போட்டுக் கருத்துப் பகுதியில் எழுதினேன்: "வாத்தியார் முகத்தைப் பெரிதாகக் காட்டுங்கள். பேசுவதை எழுத்தில் போடுங்கள். மெதுவாக ஓட்டுவதற்கு ஒரு பொத்தான் வையுங்கள், வேகமாக ஓட்டத்தான் மூன்று வைத்திருக்கிறீர்கள். படிக்கிற பிள்ளை என்ன ரயிலையா பிடிக்கப் போகிறது? சந்தேகம் கேட்டால் பூங்கொத்துப் படம் அனுப்பாமல் பதில் அனுப்புங்கள்."

உடனே பதில் வந்தது: "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி! கற்றலைக் கொண்டாடுவோம்!" கூடவே ஒரு பூங்கொத்து.

ஜனவரி 12, திங்கள்

அவர்கள் எழுத்துப் போடாவிட்டால் என்ன, எனக்கு டைப் அடிக்கத் தெரியாதா?

ஜனவரி 20, செவ்வாய்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காதில் மாட்டிக்கொண்டு தாமோதரன் சாரின் வரலாற்று வகுப்பைக் கேட்டுக் கேட்டு அடிக்கிறேன். ரேகாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வீடியோவை ஒரு பக்கமும் என் எழுத்தை ஒரு பக்கமும் வைத்துப் படித்துக்கொள்கிறாள். ஒரு வாரமாக நன்றாகத்தான் போனது. இன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ம்மா, இந்த இடத்துல சார் தோளு குலுங்குது. சிரிக்கிறாரு. நீ ஒண்ணும் எழுதல."

"அது பாடம் இல்லடி. சும்மா ஏதோ சொன்னாரு."

"சும்மாவுக்கா இத்தன பேரு சிரிப்பு பொம்ம போட்டுருக்காங்க?"

"பானிப்பட்ல மூணு யுத்தந்தான் நடந்துச்சாம், அவரு வீட்ல தெனம் ஒண்ணு நடக்குதாம். போதுமா?"

அவள் சிரிக்கவில்லை. "சின்னதுல இருந்து இதேதான்மா. கல்யாண வீட்ல எல்லாரும் சிரிப்பாக, என்னன்னு கேட்டா 'ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்'ப. அந்த அப்புறம் வந்ததே இல்ல. எல்லாருக்கும் கேக்குறது எனக்கும் வேணும். எது வேணும், எது வேணாம்னு நீ முடிவு பண்ணாத."

எனக்குச் சுருக்கென்றது. முதுகுவலி வேறு. அண்ணாச்சி கடை நாற்காலியை மாற்றச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 21, புதன்

இனி எல்லாம் போடுகிறேன். இன்றைக்கு அனுப்பியதில்: "(சார் இருமுகிறார்.) (சார் மூக்கைச் சொறிகிறார், இது மூன்றாவது தடவை.) (பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. சார் காதில் விழாத மாதிரி நடிக்கிறார்.) (யுத்தம் நடந்த வருஷத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டுத் திருத்துகிறார், நீ திருத்தியதை எழுதிக்கொள்.)" ரேகா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டாள். "ஒண்ணும் விடல தாயி" என்றேன். வகுப்பு முடிந்ததும் இதே கேள்வி, இதே பதில் என்று ஆகிவிட்டது.

பிப்ரவரி 3, செவ்வாய்

வெற்றிப்படியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டது. பெயர் அக்‌ஷராவாம்.

"மேடம், பொன்ரேகா மேடம்கிட்ட பேசலாமா? அவங்களுக்கு என்ன வசதியெல்லாம் வேணும்னு கேக்கத்தான்."

"அவளுக்குக் காது கேக்காதும்மா."

"பரவால்ல மேடம், எப்ப ஃப்ரீயா இருப்பாங்கன்னு சொன்னா அப்ப கூப்புடுறேன்."

பிடித்தேன் பிடி. அண்ணாச்சி கல்லாவைவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அந்தப் பெண் பாவம், அழுகிற குரலில் மன்னிப்புக் கேட்டது. பிறகு அதுவே, "என்ன வேணும்னு மெதுவாச் சொல்லுங்கக்கா, நான் எழுதிக்கிறேன். எங்க மீட்டிங்ல கட்டாயம் சொல்றேன்" என்றது. அக்கா என்றதும் எனக்கும் மனசு இறங்கிவிட்டது. பேசுவதை எழுத்தில் போட வேண்டும், தமிழில் போட வேண்டும், அது ஒன்று போதும் என்றேன்.

சாப்பாடு இறங்கவே மாட்டேன் என்கிறது. இரண்டு வாய்க்கு மேல் குமட்டுகிறது.

பிப்ரவரி 13, வெள்ளி

மதுரைக்குப் போய் வந்தோம். போன வாரமே ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. இன்றைக்கு முடிவு சொல்கிற நாள், தனியாக விடமாட்டேன் என்று ரேகா ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கதவில் வயிறு, குடல் மருத்துவர் என்றுதான் போட்டிருந்தது. டாக்டர் முகமூடி போட்டிருந்தார். அவர் உதடு ரேகாவுக்குத் தெரியாது. நல்லதாகப் போயிற்று.

அவர் படத்தைக் காட்டிக் காட்டி நிறையச் சொன்னார். ரேகா என் கையைச் சுரண்டினாள். "என்னம்மா சொல்றாரு?"

"கணையத்துல வீக்கமாம். சத்து ஊசி போட்டா வத்திரும்னு சொல்றாரு."

"அவ்வளவுதானா? இம்புட்டு நேரம் பேசுனாரே?"

"டாக்டர்னா பேசத்தான் செய்வாக."

டாக்டர் என்னையே பார்த்தார். அவர் காதில் விழுந்துவிட்டதே. "ஜூன்ல அவளுக்குப் பரீட்ச டாக்டர். அதுவரைக்கும் என்னைய ஓட்டிவிட்டுருங்க" என்றேன், முகத்தை ரேகா பார்க்காத பக்கமாகத் திருப்பிக்கொண்டு. அவர் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டே, "பாப்போம்" என்றார்.

பஸ்ஸில் ரேகா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். ஃபைலைக் கடையிலேயே வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 14, சனி

இட்லிக்கு மாவு ஆட்டினேன். வகுப்பு ஒன்று அடித்தேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. மருத்துவமனையில் வேறு மாடி, வேறு டாக்டர். அங்கே நான் தனியாகவே போய்க்கொள்கிறேன், ரேகாவுக்கு அன்று வகுப்பு இருக்கிற மாதிரி நாள் பார்த்து. ஊசி போட்ட மறுநாள் உடம்பை யாரோ பிழிந்து கொடியில் போட்ட மாதிரி இருக்கிறது. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதால் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். "டயட்டாக்கா?" என்று கேட்டாள் தையல்காரி. "ஆமாடி, உன் தையலப் பாத்தே பசி போயிருச்சு" என்றேன்.

அண்ணாச்சியிடம், கண்ணீர் அஞ்சலி வந்தால் இனி வேறு யாரையாவது அடிக்கச் சொல்லுங்கள், கண் எரிகிறது என்று சொன்னேன். கல்யாணப் பத்திரிகைக்கு எரியாதா என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. ஃபைலைப் பார்த்திருப்பார் போல. நாற்காலியைப் புதிதாக மாற்றியிருந்தார்.

மார்ச் 24, செவ்வாய்

ரேகாவுக்கு சிலிண்டர் மாட்டக் கற்றுக்கொடுத்தேன். வாட்ஸ்அப்பிலேயே பதிவு செய்வது எப்படி என்றும் காட்டினேன். பாஸ்புத்தகத்தில் அவள் பெயரையும் சேர்த்தாயிற்று. "இப்ப எதுக்குமா இதெல்லாம்?" என்று கேட்டாள். "வேலைக்குப் போற பொண்ணுக்குத் தெரிய வேண்டாமா?" என்றேன். நல்ல பதில்தான். எனக்கே திருப்தியாக இருந்தது.

ஏப்ரல் 8, புதன்

ஜெயித்துவிட்டோம்! அக்‌ஷரா கூப்பிட்டுச் சொன்னது. வெற்றிப்படியில் இனி எல்லா வகுப்புக்கும் கீழே தமிழ் எழுத்து ஓடுமாம். இயந்திரமே கேட்டு எழுதுமாம். "உங்க பேரச் சொல்லித்தான் மீட்டிங்ல சண்ட போட்டேன்க்கா" என்றது. மகராசி, நல்லா இரு என்றேன்.

ரேகா போட்டுப் பார்த்தாள். சார் பேசப் பேச எழுத்து ஓடுகிறது, அங்கங்கே தப்பு இருந்தாலும் விளங்குகிறது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இந்த மாதிரி போனிலும் இருக்கிறதாம், யார் பேசினாலும் எழுத்தாக வருமாம். உடனே இறக்கி, அடுத்த வீட்டு இந்திராணி பேசப் பேச அதைப் படித்துக்கொண்டிருந்தாள். இந்திராணி பயந்து வாயை மூடிக்கொண்டாள். இந்தத் தெருவில் அதுவே பெரிய சாதனை.

ஏப்ரல் 9, வியாழன்

மத்தியானம் வேலை இல்லை. கண்ணை மூடிக் கொஞ்சம் படுத்தேன். நிம்மதிதான். நிம்மதி இல்லாமல் என்ன.

ஏப்ரல் 11, சனி

"ஏம்மா நேத்து எழுத்து அனுப்பல?"

"அதான் மெஷின் எழுதுதுல்ல?"

"அது சார் சொல்றத மட்டுந்தான் எழுதுது. அவரு மூக்கச் சொறியறத எழுதல. நீயும் எழுது."

அழுதுவிட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் பிழைத்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

எலக்ட்ரீசியனை வரவழைத்து, வாசலில் மணியை அமுக்கினால் உள்ளே இரண்டு அறையிலும் சிவப்பு விளக்கு எரிகிற மாதிரி செய்துவிட்டேன். இத்தனை வருஷமும் வாசலில் யாராவது கூப்பிட்டால், "ரேகா, ஆள் வந்துருக்கு பாரு" என்று அவள் தோளைத் தட்ட நான் இருந்தேன். விளக்கு எரிந்ததும் ரேகா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிடிக்கலையா என்று கேட்டதற்கு, நல்லாத்தான் இருக்கு என்றாள்.

மே 5, செவ்வாய்

மறுபடி ஸ்கேன் எடுத்து வயிற்று டாக்டரிடம் போனோம். வேண்டாம் என்றால் கேட்டால்தானே, இவளும் வந்தாள். டாக்டர் முகமூடியோடுதான் இருந்தார். கழற்றப் போனவரை, "இருக்கட்டும் டாக்டர், காலம் கெட்டுக்கெடக்கு" என்று தடுத்தேன்.

சொன்னார். ஊசியை நிறுத்திவிடலாம் என்றார். இனி வலிக்கு மட்டும் மாத்திரை. பக்கத்து உறுப்பையும் பற்றிச் சொன்னார், அதை இங்கே எழுதி என்ன ஆகப் போகிறது. நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இந்தப் பெண் என்னடாவென்றால், அவர் பேசின நேரம் முழுக்கத் தலை நிமிராமல் மடியில் வைத்திருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய மனிதர் முன்னால் என்ன பழக்கமோ! வெளியே வந்து திட்டலாம் என்று பார்த்தால், முகம் வெளிறிப்போய் இருந்தாள். காலையில் சாப்பிடாமல் வந்தது.

"வீக்கம் வத்திருச்சாம். ஊசிய நிறுத்தச் சொல்லிட்டாரு" என்றேன். சரிம்மா என்றாள். அவ்வளவுதானா என்று கேட்கவில்லை. முதல் தடவையாகக் கேட்கவில்லை. பெரிய பிள்ளை ஆகிவிட்டாள், தொணதொணப்புக் குறைந்துவிட்டது.

மே 6, புதன்

காலையில் எழுந்தால் சமையல் முடிந்திருந்தது. கஞ்சி, துவையல். எனக்கு என்ன இறங்கும் என்று இவளுக்கு எப்படித் தெரிந்ததோ. கண் வீங்கியிருந்தது. ராத்திரி படித்தேன் என்றாள்.

மே 21, வியாழன்

கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அண்ணாச்சி வீட்டுக்கே கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். படுத்துக்கொண்டே வகுப்பைக் கேட்கிறேன், முடிந்தபோது எழுந்து அடிக்கிறேன். விரலுக்கு முன்போல ஓட்டம் இல்லை. இன்று பத்து வரிதான். "(சார் இன்று மூக்கைச் சொறியவில்லை. யாரோ சொல்லிவிட்டார்கள்.)"

ரேகா இப்போது என் கட்டிலுக்கு அருகிலேயே தரையில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். முன்பு நான் அறைக்குள் போனாலே விரட்டுவாள். படித்துக்கொண்டே ஒரு கையால் என் பாதத்தைப் பிடித்துக்கொள்கிறாள். கூசுகிறது என்றாலும் விடுவதில்லை.

ஜூன் 13, சனி

நாளைக்குத் தேர்வு. ஓட்டிவிட்டேன். நாளை சாயங்காலம் சொல்லிவிடலாம். எப்படித் தொடங்குவது என்று யோசித்துப் பார்த்தேன். ஊரில் எத்தனை பேர் சாவை அழகான வார்த்தையில் அடித்துக் கொடுத்தவள், எனக்கு ஒரு வரி அமையவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

"எப்படிடி எழுதுன?"

"பானிப்பட் வந்துச்சும்மா." சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இன்னும் ஒரு நாள் போகட்டுமே என்று தோன்றியது. கோழை. ஆனாலும் உட்காரச் சொன்னேன்.

"ரேகா, அன்னைக்கு டாக்டரு சொன்னாருல்ல, வீக்கம்னு..."

"ஊசி கேக்கலன்னு சொன்னாரு. ஈரலுக்குப் போயிருச்சுன்னு சொன்னாரு" என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நான் போன்ல வெளையாடுறேன்னு நெனச்சியா? அவரு பேசப் பேச எழுத்து ஓடுச்சும்மா. நீ வெற்றிப்படிக்காரங்ககிட்ட சண்ட போட்டு வாங்குனியே, அதே மாதிரி. படிச்சு முடிச்சிட்டு நிமிந்து பாத்தா, வீக்கம் வத்திருச்சுன்னு நீ சிரிக்கிற."

"தெரிஞ்சுமாடி பரீட்ச எழுதுன?"

"பரீட்ச முடியட்டும்னுதான நீ ஒளிச்ச? எழுதலன்னா நீ ஒளிச்சது வீணாப் போயிருக்கும்ல?"

பிறகு ஓவென்று அழுதாள். அவள் அழுகிற சத்தம் அவளுக்குக் கேட்காது. தெருவுக்கே கேட்டது. கேட்கட்டும் என்று விட்டேன். நானும் அழுதேன்.

"ஊர்ல ஒரு வாத்தியாரு இருமுறதக்கூட எழுதி அனுப்புன. உனக்கு என்ன செய்யுதுன்னு ஒரு வரி சொல்லல. அத நான் மெஷின்ல படிச்சேம்மா. இப்பவும் தூங்குனா அந்த எழுத்துதான் ஓடுது. உன் வாயப் பாத்துத் தெரிஞ்சுருக்கணும் நான்."

"பயமா இருந்துச்சு தாயி" என்றேன். இந்த டைரியில்கூட அதை நான் எழுதவில்லை. சாகப் பயம் இல்லை. நான் போன பிறகு இவளிடம் யார் எல்லாவற்றையும் சொல்வார்கள் என்ற பயம்.

"வியாழக்கிழம டாக்டர்ட்ட போறோம். நான் போன எடுக்க மாட்டேன். அவரு சொல்றத நீ சொல்லணும்."

ஜூன் 18, வியாழன்

டாக்டர் அறையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். டாக்டர் என் முதுகுக்குப் பின்னால், ரேகா என் முகத்துக்கு நேரே. போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். "நீங்க பேசுங்க டாக்டர், எங்கம்மா சொல்லுவாங்க" என்றாள். சத்தமாகச் சொல்லிவிட்டாள், வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தது.

"எல்லாத்தையுமா?" என்று கேட்டார் டாக்டர்.

"எல்லாத்தையுமான்னு கேக்குறாரு" என்றேன் ரேகாவிடம்.

"எல்லாத்தையும்."

அவர் ஒன்று சொல்வார், நான் உதட்டை நன்றாகப் பிரித்து அதைச் சொல்வேன். கணையத்தில் வந்தது புற்றுநோய் என்றார். சொன்னேன். ஈரலில் பரவிவிட்டது என்றார். சொன்னேன். ஊசிக்குக் கட்டுப்படவில்லை, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்றார். அதையும் சொன்னேன். "தீபாவளி வரைக்கும்னு என்னால சொல்ல முடியலம்மா" என்றார். அந்த இடத்தில் எனக்கு வாய் நின்றுவிட்டது.

"என்ன சொன்னாரு?" என்றாள் ரேகா.

ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை வருஷப் பழக்கம். விழுங்கினேன்.

"தீபாவளி வரைக்கும்னு சொல்ல முடியலயாம்."

அவள் கண் என் உதட்டைவிட்டு நகரவில்லை. கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. துடைத்தால் ஒரு வார்த்தை போய்விடும் என்று துடைக்காமலே இருந்தாள். பின்னால் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரு தண்ணி குடிக்காரு" என்றேன்.

அந்த அழுகையிலும் ரேகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லலையா?"

டாக்டரைப் பார்த்தேன். இல்லை என்று தலையசைத்தார். மகள் பக்கம் திரும்பினேன்.

"அவ்வளவுதான் தாயி. ஒண்ணும் விடல."